இரவற் சொல்லும் உறவுச் சொல்லும்

வெள்ளவத்தையிலே ஒரு தமிழ்க் குடும்பத்தார் தம் இல்லத்துக்கு வந்த விருந்தினரை உபசரிக்கும்போது வழங்கும் சொற்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தல் நன்று. விருந்தினர் விறாந்தையிற் சப்பாத்தைக் கழற்றுகின்றனர். உள்ளே வந்து கதிரையில் அமர்கின்றனர். காற்று வருவதற்காக யன்னல் திறக்கப்படுகின்றது. அலுமாரியிலிருந்து நல்ல கோப்பைகள் எடுக்கப்படுகின்றன. குசினியிலிருந்து தேநீர் வருகின்றது, சீனி வருகின்றது, ஒரு பீங்கானில் விசுக்கோத்தும் வருகின்றது. இத்துணையும் நடந்து முடிவதற்குள் அவ்வீட்டார் போர்த்துக்கேயம், பாரசீகம், சீனம் முதலிய மொழிகளுக்குரிய சொற்களைத் தமிழ்ச் சொற்களென்றே கொண்டு பேசிவிடுகின்றனர். அங்ஙனம் கொள்வதிற் பிழையுமில்லை. முந்நூறு நானூறு ஆண்டுகளாக ஒரு வீட்டில் வாழ்ந்தவரை அயலார் என்று எவரும் அழைப்பதில்லை.

ஆயினும் அதே வேளையில் அவ்வீட்டிலே வேறு சில சொற்களும் ஒலிக்கின்றன. “வாருங்கோ மாமா,” “பெரியம்மா, இப்படி இருங்கோ,” “தம்பி, அக்காவைக் கூப்பிடு,” “முதலில் அம்மம்மாவுக்குக் கொடு” என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் கப்பலேறி வந்த சொல்லன்று. பொருள்களின் பெயரை எவரிடமிருந்தும் ஏற்றுக்கொண்ட அதே வீடு, மனிதரை அழைக்கும் பெயரைத் தன்னுடையதாகவே வைத்திருந்தது. இவ்வேறுபாடு தற்செயலானதா, அன்றி மொழியின் இயல்பே அதுவா என்பது ஆராயத்தக்கது. அதனை ஆராய்வதற்கு, கொழும்புத் தமிழரோடு எவ்வகை இனத்தொடர்பும் இல்லாத ஒரு மக்களின் இல்லத்துச் சொற்களை அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். தென்சீனத்துக் கன்ரன் மக்களின் மொழி அதற்கு மிகப் பொருந்தும்.

முதலிற் கொழும்பின் கதையை நோக்குவோம். போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தனர். 1518 இற் கொழும்பிலே கோட்டை கட்டத் தொடங்கினர். 1656 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போயிற்று, அவர்கள் விட்டுச் சென்ற தட்டுமுட்டுப் பெயர்கள் போகவில்லை. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், வாங்கு, சாவி, துவாய், பாண், குசினி என்பன அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. எண்ணெயிற் பலகாரம் பொரிக்கும் தாச்சியும் அவர்களுடைய சொல்லே. குழந்தையைத் தூக்கி வளர்க்கும் ஆயாவின் பெயரும் போர்த்துக்கேயமே. ஒல்லாந்தர் 1796 வரை இருந்தனர். மேசையின் லாச்சி, அலுவல் பார்க்கும் கந்தோர், உறுதி எழுதும் நொத்தாரிசு ஆகிய சொற்கள் அவர்கள் தந்தவை. அவர்கள் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து கொண்டுவந்த மலாய் மக்கள் சம்பலையும் தொதலையும் தந்தனர். ஆங்கிலேயர் தந்தவற்றைக் கூறப் புகின் அது முடிவுறாது.

இச்சொற்களிலே கருதத்தக்க ஒரு சிறப்புண்டு. கொட்டாஞ்சேனை பன்னெடுங்காலமாகப் பல இனத்தாரும் பல சமயத்தாரும் நெருங்கி வாழும் பகுதி. சாந்த லூசியா தேவாலயத்தின் மணியோசையும், அண்மையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் மணியோசையும் கேட்கும் ஒழுங்கைகளிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தனர். ஒரு சுவருக்கு இப்பால் மேசை என்றால் அப்பால் மேசய, இப்பால் அலுமாரி என்றால் அப்பால் அல்மாரிய, யன்னலுக்கு ஜனேலய, கோப்பைக்குக் கோப்பய, பீங்கானுக்குப் பிங்கான, தாச்சிக்குத் தாச்சிய, துவாய்க்குத் துவாய. பாணும் சீனியும் தேயும் ஏறக்குறைய ஒன்றே. எந்த மொழி அரசாள வேண்டும் என்று 1956 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் வாதிட்டபோது, அவ்விரு மொழிகளின் குசினிகளும் ஒரே அகராதியை வைத்திருந்தன. அச்சொற்கள் எவையும் பிறப்பால் இருவருக்கும் உரியனவல்ல என்பதே அதிலுள்ள வியப்பு.

இனிச் சீனத்தை நோக்குவோம். சீனத்துக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு போர்த்துக்கேயரின் வருகைக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது. பாகியன் என்னும் சீனத் துறவி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் தங்கினார். ஒரு நாள் அபயகிரி விகாரையிலே புத்தர் சிலையின் முன் ஒரு வணிகன் சீனத்து வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்ததை அவர் கண்டார். கண்டதும் கண்ணீர் பெருக்கினார் என்று அவருடைய பயணநூல் கூறுகின்றது. நாட்டை விட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. நாட்டுப் பொருள் ஒன்று கடல்கடந்து அவர் முன் வந்துவிட்டது. ஆனால் அதன் பெயரைச் சொல்லிப் பேசுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. பின்னர் அவர் கடல்வழியே திரும்புகையில், யாவகத் தீவிலிருந்து அவர் ஏறிய கப்பல் கன்ரன் நகரை நோக்கியே புறப்பட்டது. புயல் அதனை வடக்கே வேறொரு கரைக்கு அடித்துச் சென்றது. இன்று குவாங்சோ எனப்படும் அக்கன்ரன் நகரம் அக்காலத்திலேயே தென்கடல் வாணிகத்தின் வாயிலாக இருந்தமைக்கு இதுவே சான்று.

அடுத்த சான்று கொழும்பிலேயே இருக்கின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. அதன் காலம் 1409. சீனாவிலே பொறிக்கப்பட்டுக் கப்பலில் வந்த அக்கல், பின்னர் காலி நகரில் ஒரு மதகின் மேல் மூடியாகக் குப்புறக் கிடந்தது. 1911 இல் அது கண்டெடுக்கப்பட்டது. சீன மொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்னும் திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனுக்கும் காணிக்கை செலுத்துவதைக் கூறுகின்றன. பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்கும் காணிக்கைப் பட்டியல் மூன்றுக்கும் பொதுவாக அமைந்துள்ளது. சீனமும் தமிழும் ஒரே கல்லில் அருகருகே நிற்கும் காட்சி உலகில் அரியது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. சீனரின் எழுத்து ஒன்று. அதனை வாசிக்கும் வாய்மொழிகள் பல. அவ்வெழுத்து ஒலியைக் குறிப்பதன்று, பொருளைக் குறிப்பது. ஆதலால் வடநாட்டார் ஒருவிதமாகவும் கன்ரன் மக்கள் வேறுவிதமாகவும் அதனை ஒலிப்பர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. கன்ரன் மொழியில் ஒரே அசையை ஆறு தொனிகளில் ஒலித்து ஆறு பொருள் கொள்ளலாம். குவாங்தொங் மாகாணத்திலும் ஹொங்கொங்கிலும் மக்காவிலும் கோடிக்கணக்கானோர் இம்மொழியை வழங்குகின்றனர். கடலோடிய சீனருள் இவர்கள் பெருந்தொகையினர்.

கொழும்பின் இல்லங்களிற் சீனம் நேராக வந்து குடியேறவில்லை. இந்நகரிலே பல் வைத்தியம், துணி வியாபாரம், உணவகம் ஆகிய தொழில்களைச் செய்த சீனக் குடும்பங்கள் சிலவே. சீனத்தின் பெயர் பிறர் வாயிலாகவே வந்தது. வெள்ளைச் சர்க்கரைக்கு வட இந்தியர் இட்ட பெயர் ‘சீனத்தது’ என்னும் பொருளுடையது. அதுவே தமிழிற் சீனியாயிற்று. ஆகவே சீனிச் சம்பல் என்னும் பண்டத்தின் பெயரிற் சீனமும் மலாயும் சேர்ந்து நிற்கின்றன. சீனியரியதரத்திலோ சீனப் பெயர் தமிழரின் பலகாரத்தோடு கலந்தது. தீபாவளிக்கும் திருமண ஊர்வலத்துக்கும் கொளுத்துவது சீனவெடி. தேநீர் விருந்துகளிற் பரிமாறப்படும் சுருட்டிய பொரியலுக்குக் கொழும்பார் சைனீஸ் ரோல்ஸ் என்று பெயரிட்டனர். பீங்கான் என்ற சொல் பாரசீக வழியில் வந்ததென்பர். அதனாற் சுட்டப்படும் பாண்டமோ சீனத்தது.

எண்ணெய்ச் சட்டியின் பெயர் இதனினும் சுவையுடையது. வாய் அகன்று அடி குவிந்த அச்சட்டி தமிழ்நாட்டிற் பலவிடங்களிற் சீனச்சட்டி எனப்படும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் போர்த்துக்கேயப் பெயரால் அது தாச்சி. கன்ரன் மக்கள் அதனை ‘வொக்’ என்பர். ஆங்கிலேயர் அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டனர். சட்டி ஒன்று, யார் கையாற் பெற்றனரோ அவர் பெயரால் ஒவ்வோரூரும் அதனை அழைத்தது.

தேநீரின் பெயரும் அத்தகையதே. உலகெங்கும் அதற்கு இரண்டு பெயர்களே பெரும்பாலும் வழங்குகின்றன. ஒன்று ‘சா’, மற்றது ‘தே’. கன்ரன் மக்கள் சா என்பர். அவர்கள் கரையிலுள்ள மக்காவில் 1557 முதல் தங்கிய போர்த்துக்கேயரும் அதனால் சா என்றே கற்றனர். தரைவழியே பாரசீகத்துக்கும் வட இந்தியாவுக்கும் சென்ற பெயரும் அவ்வினத்ததே. மலையாளத்தார் வழங்கும் சாயா அதன் வழிவந்தது. வடகிழக்கே பூக்கியன் மாகாணத்துத் துறைமுகத்தார் மட்டும் அதே எழுத்தைத் தே என ஒலித்தனர். ஒல்லாந்தர் அவர்களோடு வாணிகம் செய்தனர். ஆங்கிலேயர் ஒல்லாந்தரைப் பின்பற்றினர்.

இவ்விடத்திலே ஒரு வினா எழும். கோப்பையையும் மேசையையும் விசுக்கோத்தையும் தந்த போர்த்துக்கேயர், சா என்ற சொல்லைக் கொழும்புக்குத் தராதது ஏன்? அவர்கள் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டு மக்கள் தேநீர் குடித்திலர் என்பதே விடை. ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் வாணிபத்துக்காகத் தேயிலை பயிரிட்டது 1867 இல். கோப்பிச் செடியை நோய் அழித்த பின்னரே தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் அது வளர்ந்தது. பொருள் வந்த காலத்தில் யார் ஆண்டனரோ அவர் வாய்ச்சொல்லே பொருளோடு வந்தது. ஆகவே வெள்ளவத்தை வீடொன்றில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தப்படும்போது, கோப்பை 17 ஆம் நூற்றாண்டையும் தே 19 ஆம் நூற்றாண்டையும் காட்டுகின்றன. மொழியிலே வரலாற்றுப் படிவுகள் இவ்வாறுதான் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன.

இதுவரை கூறியவை யாவும் பொருள்களின் கதை. மக்கள் மக்களைச் சந்தித்தது வேறோரிடத்தில். மலாயாவில் முதலாவது புகையிரதப் பாதை 1885 இல் திறக்கப்பட்டது. அக்காலந்தொட்டு யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்ற அந்நாட்டுக்குச் சென்றனர். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் ஈயச் சுரங்கத் தொழிலுக்காகக் குடியேறிய சீனருட் கன்ரன் மொழி பேசுவோர் பெருந்தொகையினராய் இருந்தமையால், அந்நகரங்களின் சந்தைகளில் அம்மொழியே பொதுமொழியாயிற்று. இலங்கைத் தமிழர் குடியிருப்புக்கு அருகே கன்ரன் மக்களின் குடியிருப்பு அமைந்தது. ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பியவர்கள் ‘மலாயாப் பென்சன்காரர்’ எனப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த அயலிலே கேட்ட சொற்களைச் சிறிது ஆராய்ந்தால், வீடு என்பது எல்லா நாட்டிலும் எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பது புலனாகும்.

கன்ரன் மக்கள் ஒருவரையொருவர் கண்டவுடன் கேட்பது, “சிக் சோ ஃபான் மெய் ஆ?” என்பதாகும். ‘சோறு சாப்பிட்டாயிற்றா?’ என்பது அதன் பொருள். ‘ஃபான்’ என்ற சொல் சோற்றையும் குறிக்கும், உணவையும் குறிக்கும். சோறே உணவாகக் கொண்ட தமிழருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பவர் உண்மையிற் கேட்பது வயிற்றைப் பற்றியன்று என்பதையும் இரு சாராரும் அறிவர். நண்பரும் உறவினரும் கூடிச் சிற்றுண்டியோடு தேநீர் அருந்துவதை அவர்கள் ‘யாம் சா’ என்பர்; ‘தேநீர் அருந்துதல்’ என்பதே சொற்பொருள். “ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று கொழும்புத் தமிழர் கூறுகையில், அதிலும் தேநீர் சிறிது, இருந்து பேசுதலே பெரிது. அக்கூட்டத்திலே இளையவர் முதலில் மூத்தவர் கோப்பையை நிரப்பவேண்டும். பேச்சை முறிக்காமல் நன்றி கூற விரும்புபவர் இரு விரலால் மேசையை மெல்லத் தட்டுவார்.

நன்றி கூறுதற்கும் அவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. பரிசு பெற்றால் ‘தோ சே’. ஒருவர் ஒரு சிறு உதவி செய்தால் ‘ம் கொய்’. பின்னதன் சொற்பொருள் ‘தகாது’ என்பது; உம்மை இவ்வாறு வருத்தியிருத்தல் தகாது என்பது கருத்து. தமிழ் வீட்டிலோ தண்ணீர் கொண்டுவந்த தங்கைக்கு எவரும் நன்றி கூறுவதில்லை. கூறினால் அவள் அண்ணனுக்கு என்ன நேர்ந்ததோ என்று அஞ்சுவாள். இது பண்புக் குறைவன்று. உறவுக்குள் நன்றியைச் சொல்லால் அளப்பதில்லை என்ற கருத்தின் விளைவே.

மிக ஆழ்ந்த ஒற்றுமை உறவுப் பெயர்களிற் காணப்படுகின்றது. ஆங்கிலத்தில் உடன்பிறந்தாருக்கு இரு பெயர்களே. மூத்தவரா இளையவரா என்பது அவற்றால் விளங்காது. கன்ரன் மொழியில் அண்ணன் ‘கோ கோ’, தம்பி ‘தை தை’, அக்காள் ‘சே சே’, தங்கை ‘மூய் மூய்’. தந்தையின் அண்ணனைப் ‘பாக்’ என்றும் தம்பியைச் ‘சுக்’ என்றும் தாயின் உடன்பிறந்தானைக் ‘கௌ ஃபூ’ என்றும் பிரித்தழைப்பர். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்னும் பிரிவு அப்படியே அங்கும் நிற்கின்றது. தந்தையைப் பெற்றோர் ‘யே யே’, ‘மா மா’. தாயைப் பெற்றோர் ‘கொங் கொங்’, ‘போ போ’. இலங்கைத் தமிழரிடத்தும் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என நான்கு பெயர்கள் உண்டன்றோ? அவர்களுடைய ‘மா மா’ தந்தையின் தாயையும், தமிழரின் மாமா தாயின் உடன்பிறந்தானையும் குறிப்பது ஒலியளவிலான ஒற்றுமையே. அதனைக் கொண்டு இரு மொழிகளும் ஓரினம் என்று வாதிடுவது ஆராய்ச்சியாகாது.

வேற்றுமையும் உண்டு. தந்தையின் உடன்பிறந்தானுடைய மக்களைத் தவிர ஏனைய உடன்பிறந்தார் மக்கள் யாவரையும் கன்ரன் மக்கள் ஒரே வகுப்பில் அடக்குவர். தமிழரோ பெரியம்மா சின்னம்மா மக்களையும் உடன்பிறந்தாராகக் கொண்டு, மாமன் மக்களையும் அத்தை மக்களையும் மட்டும் மச்சான், மச்சாள் என வேறு பிரித்தனர். மணவுறவு எங்கே கூடும், எங்கே கூடாது என்பதை அப்பெயரே கூறிவிடும். உறவுப் பெயர் ஒரு சமுதாயத்தின் சட்டப் புத்தகமாகவும் இருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

அச்சட்டத்தைச் சிறுவர் எங்கே கற்றனர்? பள்ளிக்கூடத்திலன்று, கூடியிருந்து உண்ணும் இடத்திலே கற்றனர். கன்ரன் வீடுகளிற் பிள்ளைகள் உண்ணத் தொடங்குமுன் மூத்தோர் ஒவ்வொருவரையும் முறைசொல்லி அழைத்து, “யே யே, சிக் ஃபான்” என்று கூறுவது மரபு. திருமணத்தின்போது மணமக்கள் மூத்தோர் ஒவ்வொருவருக்கும் உரிய முறையைச் சொல்லித் தேநீர் அளிப்பர். மூத்தோர் அதனை அருந்திச் சிவப்பு உறையிற் பணம் வைத்து வழங்குவர். ‘லை சி’ எனப்படும் அவ்வுறை புத்தாண்டிலும் சிறுவருக்குக் கிடைக்கும். தமிழர் திருமணத்திலே மூத்தோர் முறைப்படி வந்து அறுகரிசியிட்டு வாழ்த்துவதும், சித்திரைப் புத்தாண்டிற் பெரியோர் கையால் இளையோர் கைவிசேடம் பெறுவதும் இவற்றோடு ஒப்பிடத்தக்கன. அங்கும் இங்கும் கைமாறுவது சிறு பணம். அதனோடு மனத்திற் பதிவது, கொடுத்தவர் யார், அவர் என்ன முறை என்பதாகும்.

இப்பொழுது முதலில் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம். கன்ரன் மொழியும் பொருட்பெயர்களைத் தாராளமாகவே இரவல் வாங்கியுள்ளது. ஹொங்கொங் 1842 இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அங்குள்ளோர் பஸ்ஸைப் ‘பா சி’ என்றனர். ராக்சியைத் ‘திக் சி’ என்றனர். சான்விச்சைச் ‘சாம் மன் சி’ என்றனர். வாட்டிய பாணைத் ‘தோ சி’ என்றனர். இத்தனையும் வாங்கியவர்கள் நெடுங்காலம் ‘கோ கோ’வையும் ‘போ போ’வையும் கொடுக்கவில்லை. கொழும்புத் தமிழரும் அவ்வாறே. ஆகவே இது ஒரு குலத்தின் தனிப் பிடிவாதமன்று. பொருள் புதிதாக வரும்போது பெயரும் உடன்வரும். அம்மம்மா புதிதாக வருபவரல்லர். கதிரையை நாற்காலி என்று மாற்றினாலும் அதிலிருப்பவருக்கு ஒரு மாற்றமுமில்லை. பெரியப்பாவையும் சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே சொல்லால் அழைத்தாலோ, மூன்று கடமைகள் ஒன்றாகக் குழம்பிவிடும்.

அதுமட்டுமன்று. கொழும்பு இரவல் வாங்கியதோடு நில்லாது, ஓர் உறவுச் சொல்லைத் தானமாகவும் கொடுத்தது. தமிழரின் மச்சான் என்னும் சொல் சிங்கள இளைஞர் வாயில் மச்சாங் ஆகி, இனம் சமயம் பாராது நண்பனை அழைக்கும் சொல்லாயிற்று. துறைமுகத்திலும் விளையாட்டிடத்திலும் பேருந்திலும் அது ஒலிக்கின்றது. மாமன் மகனாகக் கொள்ளத்தக்கவன் என்று அயலானை அழைப்பதிலும் பெரிய வாழ்த்து வேறில்லை.

ஆயினும் சொல் காட்டிய வழியில் நாடு எப்பொழுதும் நடக்கவில்லை. 1956 இற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1958 இலும் 1983 ஆடியிலும் கொழும்பிலே தமிழர் தாக்கப்பட்டனர். 1983 இல் வெள்ளவத்தை உட்படப் பல பகுதிகளிலே வீடுகள் எரியூட்டப்பட்டன. ஒரே பெயரால் இரு வீட்டாரும் அழைத்த மேசையும் அலுமாரியும் சாம்பராயின. அந்நாள்களிலே தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்கள அயலாரும் பலர் இருந்தனர். அதனையும் வரலாறு எழுதுதல் வேண்டும். 1987 இல் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியென ஏற்கப்பட்டது. அதற்குள் ஆயிரமாயிரம் குடும்பங்கள் நாட்டை விட்டுச் சென்றுவிட்டன.

அங்ஙனம் சென்றோருட் பெருந்தொகையினர் கனடாவின் ரொறொன்ரோ நகரை அடைந்தனர். அதன் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில் நிலைபெற்றனர். 1997 இல் ஹொங்கொங் சீனாவுக்கு மீளக் கையளிக்கப்படுவதற்கு முந்திய ஆண்டுகளில் அங்கிருந்து புறப்பட்ட கன்ரன் மக்களும் அதே ஸ்காபரோவில் வந்து குடியேறினர். மலாயாவில் ஒரு காலத்தில் அயலாராய் இருந்த இரு மக்களும் உலகின் மறுபுறத்திலே மீண்டும் அயலாராயினர். ஒருவர் வீட்டிற் போ போ. மற்றவர் வீட்டில் அம்மம்மா. இருவருடைய பேரப்பிள்ளைகளும் ஒரே பள்ளியில் ஆங்கிலம் பயின்று, ‘கிராண்ட்மா’ என்ற ஒரு சொல்லோடு வீடு திரும்புகின்றனர்.

இது கடல்கடந்தார்க்கு மட்டும் உரிய கவலையென்று எண்ணுதல் தவறு. ஹொங்கொங்கிலேயே ‘அங்கிள்’, ‘ஆன்ரி’ என்னும் ஆங்கிலப் பெயர்கள் கன்ரன் பேச்சிலே கலந்துவிட்டன. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளிலும் பெரியப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள், அடுத்த வீட்டாரும் அங்கிள் என்ற நிலை வளர்ந்து வருகின்றது. அயலாரை அவ்வாறு அழைப்பதாற் பெருந்தீங்கு இல்லை. உறவினரையும் அவ்வாறே அழைக்கும்போதுதான் இழப்பு நேர்கின்றது. இரவற் சொல் வாசலில் வந்து கதிரையில் அமர்ந்தது, குசினிக்குட் சென்றது, அதுவரை நன்மையே. இப்பொழுது அது வீட்டாரின் இடத்தையே கேட்கின்றது.

இதற்குச் சட்டமும் வேண்டா. தூய தமிழ்ச் சங்கமும் வேண்டா. கதிரையை நாற்காலியாகத் திருத்துவதிற் செலவிடும் முயற்சியிற் பத்திலொரு பங்கு போதும். உறவினர் கூடும் நாளிலே பிள்ளைகளை அழைத்து, ஒவ்வொருவருக்கும் தேநீர்க் கோப்பையை அவர்கள் கையாற் கொடுக்கச் செய்தால், கொடுக்கும்போது உரிய முறையைச் சொல்லவும் பழகுவர். கன்ரன் மணமகள் அதனைத்தான் செய்கின்றாள். சித்திரைப் புத்தாண்டன்று கைவிசேடம் வாங்க வரும் சிறுவனை நோக்கி, “நான் உனக்கு என்ன முறை, சொல் பார்ப்போம்” என்று யாழ்ப்பாணத்துக் கிழவர்கள் கேட்பது வழக்கம். சரியான விடை வரும்வரை காசு கையைவிட்டு நீங்காது. அந்தக் கேள்வியை இன்னும் கேட்கும் முதியோர் வெள்ளவத்தையிலும் இருக்கின்றனர், கொட்டாஞ்சேனையிலும் இருக்கின்றனர், ஸ்காபரோவிலும் இருக்கின்றனர்.